விலகலுக்கான காரணம்

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருத் தோழி ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஏற்றுமதி ஆடைக் கம்பெனி ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் தைத்தவர். 2016 தொடக்கத்தில் வேலையை விட்டார். வீட்டு முன்னறையில் தையல் கடை போட வேண்டும். ஜூனுக்கு முன் பள்ளிச் சீருடை ஆர்டர் பிடிக்க வேண்டும். முதலீடு பி.எஃப். பணம்தான். படிவம் நிரப்ப என்னிடம் வந்தார். விலகலுக்கான காரணம் கேட்கும் இடத்தில் என் பேனா நின்றது.

"கல்யாணம்னு போட்டா உடனே பணம் வருமாம் டீச்சர். நாப்பத்தோரு வயசுல எனக்கு யாரு மாப்பிள்ளை பாக்குறது?"

சிரித்தோம். ஆனால் நூற்பாவுக்கு உரை சொல்லிப் பிழைப்பவள் நான். அந்தச் சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். 1952-ஆம் ஆண்டு வைப்புநிதித் திட்டத்தின் 69-ஆம் பத்தி, வேலையை விட்டவர் வேறு வேலையில் சேராமல் இரண்டு மாதம் காத்திருந்தால் முழுப்பணத்தையும் எடுக்கலாம் என்றது. மணமுடிப்பதற்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. வேலையில் இருக்கும்போதே முன்பணம் எடுக்க வீடு, நோய், பிள்ளைகளின் படிப்பு, தன் திருமணம், மகள் திருமணம், தங்கை திருமணம் எல்லாம் காரணங்களாக இருந்தன. தொழில் தொடங்குவது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

வைப்புநிதி முதுமைக்கானது, கடைக்கு முதலாகக் கரைக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திருமணத்துக்கு அதைக் கரைக்கும்போது சட்டம் இப்படிக் கேட்கவில்லை. பெண் வேலையை விடுவாள் என்று அதற்குத் தெரியும். இன்னொரு வீட்டுக்குப் போவதற்காக விடுவாள் என்றே அது எண்ணியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று வந்த அறிவிப்பு, முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரின் ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். 19-ஆம் தேதியே அரசு பின்வாங்கியது. எந்த மகளிர் தின மேடையும் அவர்களைத் தொழில்முனைவோர் என்று அழைத்ததில்லை. தங்கள் முதலை அரசிடமிருந்து மீட்டவர்கள் அவர்கள்.

மகளிர் தினச் சிறப்பிதழ்கள் இத்தகைய பெண்களிடம் துணிச்சலைப் பற்றியும் கணவரின் ஒத்துழைப்பைப் பற்றியும் கேட்கின்றன. முதல் எங்கிருந்து வந்தது, எதை இழந்து வந்தது என்று கேட்பதில்லை. தோழியின் கடை நடக்கிறது. மூன்று மெஷின், உதவிக்கு ஓர் இளம்பெண். கம்பெனியில் இருந்த இ.எஸ்.ஐ. அட்டை இப்போது தோழிக்கு இல்லை. 2017 திருத்தம் 26 வாரமாக உயர்த்திய பேறுகால விடுப்பு அந்த இளம்பெண்ணுக்கு எட்டாது. அவ்வளவு சிறிய கடைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சூப்பர்வைசரின் அதட்டலிலிருந்து ஒருத்தி தப்பித்தாள். தன்னிடம் வேலை செய்பவளுக்கு அவளால் பாதுகாப்புத் தர முடியவில்லை. சொந்தத் தொழிலை விடுதலை என்று நாம் எழுதும்போது இந்த இரண்டாம் பெண்ணையும் எழுத வேண்டும். உரிமை கம்பெனியோடு நின்றுவிடாமல் உழைப்பவளோடு நடந்து வர வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அன்று படிவத்தில் கடைசியில் "சொந்தக் காரணம்" என்று எழுதினோம். எழுதியதைப் படித்துவிட்டுத் தோழி சொன்னார்: "அதுவும் சரிதான் டீச்சர். சொந்தமா ஒண்ணு வேணும்னுதானே விட்டேன்."