சந்தை இலக்கியமும் சீனி வியாதியும்

அண்மைக் காலத்தில் புதுவகை எழுத்தொன்று பெருகி வருகிறது. அது கதையுமன்று, காவியமுமன்று. எனினும் அதற்கு ஒரு கதாநாயகன் உண்டு, தடைகள் உண்டு, தடைகளை வென்று முடியும் சுபமான முடிவும் உண்டு. சந்தை ஆய்வறிக்கை என்று அதற்குப் பெயர். நீரிழிவு நோயாளரின் உடலில் இன்சுலினைத் தாமே அளந்து செலுத்தும் யந்திரங்களின் விற்பனை வரும் பத்தாண்டில் எத்தனை மடங்காகும் என்று ஆரூடங் கூறும் அறிக்கைகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. இலக்கிய மாசிகையொன்றில் இவற்றை விமரிசிப்பது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். மக்களின் துன்பத்தைப் பொருளாகக் கொண்ட எந்த எழுத்தும் விமரிசனத்துக்கு உரியதே. பல இலட்சம் பேரின் நோயைப் பற்றிப் பேசி, கோடிக்கணக்கான டொலர் முதலீட்டின் திசையைத் தீர்மானிக்கும் எழுத்தை நாம் வாசிக்காது விடுவது தவறு.

இவ்வெழுத்தின் நடையை முதலில் நோக்குவோம். நோயாளர் தொகை கூடுவதை இது 'வளர்ச்சியை உந்தும் காரணி' என்கிறது. வறுமை இதற்கு ஒரு 'தடைக் காரணி'. மருந்து எட்டாத மக்கள் வாழும் நாடுகளோ 'இன்னும் பயன்படுத்தப்படாத வாய்ப்பு'. ஆசிய–பசிபிக் பிரதேசமே மிக வேகமாக வளரும் சந்தை என்ற வாக்கியம் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. வாக்கியங்களின் எழுவாய் எப்போதும் சந்தையே. சந்தை வளர்கிறது, சந்தை விரிகிறது, சந்தை எதிர்பார்க்கிறது. மனிதன் எங்கேனும் தோன்றினால் வேற்றுமையுருபு ஏற்று, செயப்படுபொருளாகவே தோன்றுகிறான். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதனைப் பயிற்சியாகவே மாணவருக்குக் கொடுக்கலாம்.

இனி, இவ்வறிக்கைகள் 'வாய்ப்பு' எனக் குறிக்கும் நிலப்பரப்பின் ஒரு மூலையை எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் வீதி; அதன் இருமருங்கிலும் மேலேறிச் செல்லும் தோட்டங்கள்; மடுல்சீமை, நமுனுகுலை; மறுபுறம் தெமோதரை, அப்புத்தளை, பூனாகலை. 1924ஆம் ஆண்டு ரயில் பாதை பதுளையை வந்தடைந்தது. தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பதே அப்பாதையின் தலையாய நோக்கம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான், 1922 ஜனவரியில், டொரன்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அம்மருந்தின் காப்புரிமையை அதற்குரியோர் ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு 1923இல் டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருந்து உலகனைத்துக்கும் உரியது என்பது அச்செயலின் பொருள். நூறாண்டு கழிந்தபின் உலக இன்சுலின் வாணிபத்தின் பெரும்பகுதி எலை லில்லி, நோவோ நோர்டிஸ்க், சனோஃபி ஆகிய மூன்று கம்பனிகளின் கையில் இருக்கிறது.

யந்திரத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். அது வீண் ஆடம்பரமன்று. மனித அறிவின் அரிய சாதனை. தோலின் கீழ் நுழைக்கப்பட்ட மெல்லிய உணர்கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவை அறிவிக்கிறது. கணிதநெறி ஒன்று அது ஏறுகிறதா இறங்குகிறதா எனக் கணிக்கிறது. அக்கணிப்பின்படி இடுப்பில் கட்டிய பம்ப் இன்சுலினைக் கூட்டியோ குறைத்தோ, வேண்டின் நிறுத்தியோ செலுத்துகிறது. உண்ணும் உணவின் அளவை மட்டும் நோயாளி இன்னமும் சொல்ல வேண்டியிருப்பதால் இதனை அரைத் தானியங்கி என்பதே சரி. மெட்ரோனிக் கம்பனியின் இவ்வகை யந்திரம் 2016 செப்டெம்பரில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. டாண்டெம், இன்சுலெட் ஆகியவற்றின் யந்திரங்கள் பின்தொடர்ந்தன. முதலாம் வகை நீரிழிவுற்ற குழந்தையின் தாய், நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் துயில் துறந்தவள். அவளுக்கு இரவின் உறக்கத்தைத் திருப்பித் தரும் பொருளை எள்ளி நகையாடுவது முற்போக்காகாது.

நம்மிடையே அவ்வாறு நகையாடுவோர் உளர். 'லயத்துக் காம்பராவில் ஒழுகாத கூரையில்லை. இதற்குள் தானியங்கி யந்திரமா?' என்பது அவர்கள் வாதம். உழைப்பாளியின் தேவையை எப்போதும் கூரையோடும் கோதுமை மாவோடும் நிறுத்திவிடும் இவ்வாதம், பழைய தோட்டத்துரையின் வாதத்துக்குத் தூரத்து உறவு. 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களில் வைத்திய வசதியை வற்புறுத்தியபோதும், கூலியாளின் உடல் மலையேறி வேலை செய்யும் அளவுக்கு இருந்தாற் போதும் என்பதே அளவுகோல். டிஸ்பென்சரியின் கலவை மருந்துப் போத்தலுக்கு மேல் அவனுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று அன்று தீர்மானித்தவர்கள் அவனைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

உண்மையில், இந்த யந்திரம் எந்த உடலுக்கு மிகவும் தேவை என்று ஆராய்ந்தால் விடை வியப்பளிக்கும். நமது அரசாங்கக் கிளினிக்குகளில் இன்சுலின் இலவசம். அது நம் மக்கள் பெற்ற பெரும் உரிமை. ஆனால் காலையும் மாலையும் குறித்த அளவாகப் போடப்படும் கலப்பு இன்சுலின், போட்டவரிடம் ஓர் ஒழுங்கைக் கோருகிறது. குறித்த நேரத்தில் உண்ண வேண்டும்; குறித்த அளவே உழைக்க வேண்டும். காரியாலயத்தில் நாற்காலியில் இருப்பவருக்கு இது இயலும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாளோ அவள் கையில் இல்லை. விடியலில் ஒரு ரொட்டித் துண்டும் சாயத் தண்ணீரும். பின்னர் செங்குத்தான மலையில் கூடை கனக்க ஏற்றம். நிறுவை தாமதித்தால் உணவும் தாமதிக்கும். குறித்த எடை தேறாவிடின் பேர் அரைப்பேராகும் என்பதால், கண் இருண்டு வேர்த்தாலும் அவள் நிரையை விட்டு விலகுவதில்லை. இன்சுலின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உணவு வந்து சேராது. சர்க்கரை இறங்கத் தொடங்கும்போதே மருந்தை நிறுத்தவல்ல யந்திரம் வேண்டியது இவளுக்குத்தான். சந்தை அறிக்கையில் இவளுக்கு இடமில்லை. தேவை இருக்கிறது, வாங்கும் சக்தி இல்லை. சந்தை என்ற நிலையத்தில் தேவை என்பது காசுடன் வரும்போது மட்டுமே தேவையாகும்.

அவளது நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் இவ்வறிக்கைகள் சொல்வதில்லை. 'வாழ்க்கைமுறை மாற்றம்' என்ற சொல்லோடு நின்றுவிடும். தாயின் கருப்பையில் பட்டினி கண்ட குழந்தை, பிற்காலத்தில் மாப்பொருள் மிகுந்த உணவைச் சந்திக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்ற கருத்தை ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1992இல் முன்வைத்தனர். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடளவில் நூற்றுக்குப் பதினேழு, தோட்டப்புறத்தில் முப்பத்திரண்டு. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தால், இன்றைய லயத்துப் பட்டினி நாளைய நீரிழிவாக மாறக்கூடும் என்பது புலப்படும். வாழ்க்கைமுறை என்பது ஒருவர் தாமே தெரிந்தெடுப்பது போன்ற தொனியுடைய சொல். கோதுமை ரொட்டியைப் பசறைத் தோட்டத்துப் பெண் தெரிந்தெடுத்தாளா?

யந்திரத்தின் விலை ஒருமுறை கொடுத்துத் தீர்வதுமன்று. பம்பிலிருந்து உடலுக்குச் செல்லும் ஊசிக்குழலை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உணர்கருவிக்கு ஏழு முதல் பதினைந்து நாள் ஆயுள். ஆக, மாதந்தோறும் ஏறத்தாழப் பத்துக் குழல், இரண்டு முதல் நான்கு உணர்கருவி, உயிருள்ளவரை. கம்பனியின் நிலையான வருவாய் இத்தொடர் விற்பனையில்தான் இருக்கிறது. நமது மலையகத்துக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அக்காகிதத்தோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றிய முறையை நம் முன்னோர் அறிவர். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முயற்சி டொரன்டோவில் வெற்றி கண்டதும் அதே ஆண்டில். உவமையை நான் அளவுக்கு மீறி நீட்ட விரும்பவில்லை. துண்டு மனிதனை வருத்தியது; யந்திரம் மனிதனைக் காக்கிறது. ஆயினும் உடலோடு ஒட்டிய, என்றும் தீராத கொடுப்பனவு என்ற அளவில் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு.

அறிக்கைகள் அடியோடு மறைக்கும் வரலாறு ஒன்று உள்ளது. யந்திரம் கம்பனிகளின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. 2013இல் அமெரிக்காவில் நோயாளரும் நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரும் 'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை' என்ற முழக்கத்தோடு ஒன்றுகூடினர். பழைய பம்ப் ஒன்றின் பாதுகாப்பு அமைப்பில் இருந்த ஓட்டையையே வழியாகக் கொண்டு, வெளியிலிருந்து அதற்குக் கட்டளையிடும் முறையைக் கண்டனர். டேனா லூயிஸ் என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் தாம் உருவாக்கிய நெறியை 2015இல் விலையின்றி உலகுக்கு வெளியிட்டனர். முதலாவது கம்பனி யந்திரம் அங்கீகாரம் பெறுவதற்கு ஓராண்டுக்கும் மேல் முற்பட்டது இது. கூட்டு உழைப்பும் பகிர்ந்த அறிவும் முதலீட்டை முந்திய இந்நிகழ்ச்சியைச் 'சந்தை வீரர்கள்' என்ற தலைப்பில் கம்பனிப் பெயர்களை அடுக்கும் அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது.

இன்னோர் எடுத்துக்காட்டு. திறந்த இன்சுலின் குப்பியைக் குளிர்பெட்டியின்றி வைத்திருக்கலாமா என்பது மலையகத்தில் அன்றாட வினா. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாமொன்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் நான்கு வாரம் அதன் வீரியம் கெடுவதில்லை என 2021இல் வெளியிட்டன. அப்புத்தளையின் குளிரில் வாழ்வோருக்கும் மொனராகலைப் பக்கத்து வெக்கையில் வாழ்வோருக்கும் பயன்தரும் அறிவு இது. இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இதைப் பற்றிச் சந்தை அறிக்கையும் இல்லை.

சந்தையை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. நமது எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? தோட்ட வைத்தியராகப் பணியாற்றிய தி. ஞானசேகரன் போன்றவர்களைப் பெற்றிருக்கும் இலக்கியம் மலையக இலக்கியம். மலேரியா, பிரசவ மரணம், பட்டினி, மண்சரிவு ஆகியவை அதில் அழுத்தமாகப் பதிந்துள்ளன. நீரிழிவோ, நான் வாசித்த அளவில், அரிதாகவே வருகிறது. காரணம் விளங்காததன்று. சட்டென வந்து கொல்லும் நோயில் கதையின் உச்சக்கட்டம் தானாகக் கிடைத்துவிடுகிறது. இருபது ஆண்டு மெல்ல மெல்லக் கண்ணையும் காலையும் அரிக்கும் நோயில் அது கிடைப்பதில்லை. கிளினிக் அட்டையும் வரிசையும் கால்விரற் புண்ணுமே கிடைக்கின்றன. நாம் சொல்ல மறுத்த கதையை வேறொருவர் சொல்லிவிட்டார். அவர் அதனை விற்பனைக் கணக்காகச் சொன்னார் என்று இப்போது நோவதில் பயனில்லை.

கிளினிக் நாள் ஒன்றையேனும் நம் கதைஞர் எழுதட்டும். தோட்டத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படும் பெண் அன்றைய பேரை இழக்கிறாள். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்துவதாகவும், வேலைக்கு வருகை தரும் நாளுக்கு அரசு 200 ரூபா சேர்த்துக் கொடுப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க உயர்வுதான். ஆனால் அக்கணக்கின்படி கிளினிக்குக்குப் போகும் நாளின் இழப்பு 1750 ரூபா; அதன்மேல் பஸ் கட்டணம். சர்க்கரையை வீட்டிலேயே சோதிக்கும் பட்டைகளைப் பெரும்பாலும் சொந்தக் காசிலேயே வாங்க வேண்டும். மருந்து இலவசம், மருந்தை அடையும் வழி இலவசமன்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது, இழுபட்டுக்கொண்டே போகிறது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்துப் பாதைகளை அடைத்தபோது, அந்த வழியும் மூடிக்கொண்டது. மின்சாரமும் பாதையும் இல்லாத நாட்களில் மருந்து எவ்வாறு மேலே போகும் என்ற ஏற்பாடு இல்லாத இடத்தில், யந்திரம் மட்டும் தனித்து நின்று எவரையும் காக்காது.

ஆகவே வரிசை ஒன்று வேண்டும். கிளினிக் தோட்டத்துக்கு வரட்டும். அல்லது கிளினிக் நாள் சம்பளத்தோடு கூடிய நாளாகட்டும். சோதனைப் பட்டைகள் இன்சுலினோடு சேர்த்து இலவசமாகட்டும். தமிழில் விளக்கிச் சொல்லும் தாதி ஒருவர் இருக்கட்டும். அதனோடு கூடவே, முதலாம் வகை நீரிழிவுற்ற பிள்ளைகளுக்கு உணர்கருவியையும் தொடர்ந்து தானியங்கி யந்திரத்தையும் அரசு கொள்வனவு செய்து வழங்கக் கோருவோம். இது கற்பனைக் கோரிக்கையன்று. இங்கிலாந்தில் 2023 டிசெம்பரில் இவ்யந்திரம் முதலாம் வகை நோயாளர் பலருக்குப் பொதுச் சுகாதார சேவையினூடாக வழங்கப் பரிந்துரைக்கப்பட்டு, 2024 ஏப்ரிலிலிருந்து படிப்படியாக அது நடைமுறைக்கு வருகிறது. அங்கே அரசு மொத்தமாகப் பேரம் பேசி விலையைக் குறைத்தது. இலங்கை செல்வநாடன்று, 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது சாதாரண மருந்துக்கே நாம் பட்ட பாட்டை மறக்கவில்லை. எனினும் முதலாம் வகை நோயுற்ற பிள்ளைகள் தொகையிற் சிறியவர்கள். அவர்களிலிருந்து தொடங்குவது இந்நாட்டுக்கும் இயலும்.

அதுவரை, தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நண்பர்கள் ஒன்றைச் செய்யலாம். உங்கள் வகுப்பில் ஊசி போடும் பிள்ளை இருந்தால், மூன்றாம் பாடவேளையில் அப்பிள்ளை வேர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை சொன்னால், அது சோம்பலுமன்று, குறும்புமன்று. மேசை இழுப்பறையில் ஒரு சிறு டப்பாவில் சீனியும் சில பிஸ்கட்டும் வைத்திருங்கள். விழுங்கும் நிலையில் இருக்கும்போதே முதலில் சீனியைக் கொடுங்கள். கேள்வியைப் பிறகு கேட்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.