பாலைவனச் சிங்கமும் முள்வேலிப் பாடலும்

அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற கோத்திரத் தலைவர்களைப் பற்றிய கலைப்படைப்புகள் பலவற்றில் ஒரு பொதுக்குறை உண்டு. தலைவர் மலையென உயர்கிறார். அவரைத் தாங்கிய மக்களோ அம்மலையின் நிழலில் மறைந்துபோகின்றனர். லிபியாவின் தியாகச் செம்மல் உமர் முக்தாரைப் பற்றி முஸ்தஃபா அக்காத் இயக்கி, 1981இல் வெளிவந்த ‘பாலைவனச் சிங்கம்’ என்னும் திரைப்படத்தை இந்நோக்கில் ஆராய்வது தகும்.

1911இல் இத்தாலி லிபியாவின்மீது படையெடுத்தது. மினிஃபா கோத்திரத்தில் பிறந்து, ஜக்பூபில் கல்வி பயின்று, ஸனூஸி ஸாவியாவில் சிறார்க்குத் திருக்குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் உமர் முக்தார். பர்கா நாட்டின் பச்சை மலைப் பகுதியில் 1923 முதல் போரைத் தலைமையேற்று நடத்தினார். 1931 செப்டம்பர் 16இல், எழுபது வயதைக் கடந்த அப்பெரியார் சுலூக்கில் தூக்கிலிடப்பட்டார்.

ஆசிரியரின் அடக்கத்தையும் போராளியின் உறுதியையும் ஒரே முகத்தில் காட்டும் அந்தோணி குவினின் நடிப்பு போற்றத்தக்கது. 1982இல் இத்தாலி இப்படத்தைத் தடை செய்தது. 2009இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. படம் உண்மையைத் தொட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும், அப்போர் எவ்வாறு நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு கோத்திரமும் தன் பங்காக ஆட்களையும் உணவையும் படைக்கலங்களையும் அளித்தது. பகலில் பணிந்தவரெனத் தோன்றியோர் இரவில் போராளிகளுக்கு உதவினர். தளபதி கிராசியானி இதனை நன்கறிந்திருந்தான். ஆகவேதான் 1930இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களை, அவர்தம் கால்நடைகளோடு மலையிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தான். எகிப்து எல்லையில் ஏறக்குறைய 270 கிலோமீட்டர் நீளத்துக்கு முள்வேலி எழுந்தது. முகாம்களில் பசியாலும் பிணியாலும் பல்லாயிரவர் மாண்டனர்.

திரைப்படம் முகாமைக் காட்டாமல் விடவில்லை. ஆனால், அங்குள்ள துயரம் பெரும்பாலும் தலைவரின் உள்ளத்தை உருக்கும் பின்னணியாகவே அமைகிறது. போர்க்களத்துக்கு அளித்த இடத்தை இயக்குநர் பட்டினிக்கு அளிக்கவில்லை.

இக்குறையை நிறைவு செய்வது ஒரு கவிதை. அதே மினிஃபா கோத்திரத்தைச் சேர்ந்த ரஜப் பூஹுவைஷ், அல் உகைலா முகாமில் அடைபட்டிருந்தபோது நாட்டு வழக்கு மொழியில் பாடியது அது. முகாமையே தம் பிணியாகக் கண்ட அக்கவிஞர், இழந்த உறவினரையும் குதிரைகளையும் மண்ணையும் மானத்தையும் எண்ணிப் புலம்புகிறார். அதில் போர் முழக்கம் இல்லை; பொறுமையின் கனம் இருக்கிறது. லிபிய மக்கள் அதனை மனனம் செய்து வாய்மொழியாகவே காத்தனர்.

படத்தின் இறுதியில், தூக்குமேடையில் விழும் மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக் கொள்கிறான். அழகிய காட்சிதான். ஆயினும் அன்று அங்கே முகாம்களிலிருந்து கட்டாயமாகக் கொணரப்பட்டு நின்றோர் ஏறத்தாழ இருபதாயிரவர். அவர்கள் யார், எதை இழந்து வந்தவர்கள் என்பதைக் கவிதையே நமக்கு உணர்த்துகிறது.

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு உமர் முக்தாரின் வரலாற்றைச் சொல்லுங்கால் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுதல் நலம். தூக்குக் கயிற்றை ஏற்ற ஒருவரின் வீரம் எத்துணைப் பெரிதோ, காட்டிக் கொடுக்காமல் பட்டினியை ஏற்ற ஒரு சமுதாயத்தின் வீரமும் அத்துணைப் பெரிது.