உரிமை உண்டு, பரிகாரம் இல்லை: மார்பரி தீர்ப்பு குறித்து ஒரு விமரிசனம்

சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அரசமைப்புக்கு முரணானது எனக் கண்டு நீதிமன்றம் செல்லாததாக்குவது இன்று நமக்கு இயல்பான நடைமுறையாகத் தோன்றுகிறது. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று இந்திய அரசமைப்பின் 13ஆம் உறுப்பு எழுதியே வைத்திருக்கிறது. ஆனால், இம்முறைக்கு முன்னோடியெனப் போற்றப்படும் அமெரிக்க அரசமைப்பில் அப்படியொரு வாசகம் இல்லை. 1787இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட அந்தச் சாசனம் நீதிப் புனராய்வு அதிகாரத்தை எவருக்கும் வெளிப்படையாக வழங்கவில்லை. 1803 பிப்ரவரி 24ஆம் நாள் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வழங்கிய 'மார்பரி எதிர் மேடிசன்' தீர்ப்பே அதன் தோற்றுவாய் என்று பாடநூல்கள் கூறும். வியந்தே படிக்கப்பட்டுவரும் அத்தீர்ப்பை அதன் தருக்கத்தின் வலிமைக்காகவும் பலவீனத்துக்காகவும் நெருங்கிப் படிப்பது பயனுடையது.

மார்ஷல் இக்கருத்தை வெறுமையிலிருந்து படைத்தவர் அல்லர். 1610இல் இங்கிலாந்தின் நீதிபதி எட்வர்ட் கோக், மருத்துவர் பான்ஹாம் வழக்கில், பொதுநீதிக்கு முரணான நாடாளுமன்றச் சட்டத்தைப் பொதுச்சட்டம் கட்டுப்படுத்தும் என்றார். தான் விதிக்கும் அபராதத்தில் பாதியைத் தானே பெறும் மருத்துவக் கழகம், தன் வழக்கில் தானே நீதிபதியாகிறது என்பதே அவர் கண்ட குறை. இங்கிலாந்தில் இக்கருத்து வேர்கொள்ளவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களில் தளிர்த்தது. 1787இல் வட கரோலினா நீதிமன்றம் 'பேயார்ட் எதிர் சிங்கிள்டன்' வழக்கில் ஜூரி விசாரணை உரிமையை மறுத்த மாநிலச் சட்டத்தை ஏற்க மறுத்தது. படையும் நிதியும் கையில் இல்லாத நீதித்துறையே மூன்று துறைகளிலும் வலுக்குறைந்தது, ஆகவே அதனிடம் இவ்வதிகாரம் இருப்பதால் ஆபத்து குறைவு என்று 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதிட்டார். 1796இல் உச்ச நீதிமன்றமே வண்டி வரிச் சட்டம் ஒன்றை அரசமைப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்து, செல்லும் என்றது. எனவே மார்ஷல் செய்தது புதுக்கருத்தைக் கண்டது அன்று. நிலவிய கருத்தை உச்ச நீதிமன்றத்தின் வாயால் நிலைநாட்டியதே.

வழக்கின் பின்னணி கட்சிப் பூசல். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், பதவி விலகுமுன் தம் ஃபெடரலிஸ்ட் கட்சியினரை நீதித்துறையில் அமர்த்த முனைந்தார். 1801 பிப்ரவரிச் சட்டம் ஒன்று பதினாறு புதிய வட்டார நீதிபதிப் பதவிகளை உருவாக்கியது. தலைநகர்ப் பகுதிக்கு 42 சமாதான நீதிபதிகளும் நியமிக்கப்பட்டனர். ஆட்சியின் கடைசி இரவில் நியமனப் பத்திரங்கள் கையொப்பமும் முத்திரையும் பெற்றன. ஆயினும் சில, உரியவர் கையில் சேராமலே நின்றுவிட்டன. புதிய அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் அவற்றை வழங்க மறுத்தார். வில்லியம் மார்பரியும் வேறு மூவரும், பத்திரங்களைத் தருமாறு அரசுச் செயலர் ஜேம்ஸ் மேடிசனுக்குக் கட்டளையிட வேண்டி நேரே உச்ச நீதிமன்றத்தை நாடினர். அந்தக் கடைசி நாட்களில் அரசுச் செயலராக இருந்து, பத்திரங்களுக்கு முத்திரையிட்டு அனுப்பத் தவறியவர் இதே ஜான் மார்ஷல்தான். ஒரு மாத காலம் அவர் இரு பதவிகளையும் ஒருசேர வகித்தார்.

அன்றைய உச்ச நீதிமன்றம் தனக்கென ஒரு கட்டடம்கூட இல்லாத அமைப்பு. அதற்கு வலிமையும் மதிப்பும் இல்லையென்று கூறி ஜான் ஜே தலைமைப் பதவியை மீண்டும் ஏற்க மறுத்திருந்தார். ஜெஃபர்சன் கட்சியினர் வசமிருந்த காங்கிரஸ், 1802இல் முந்தைய ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தை நீக்கியதோடு, நீதிமன்ற அமர்வையே ஓராண்டுக்குத் தள்ளிவைத்தது. ஆணையிட்டால் மேடிசன் மதிக்கமாட்டார். ஆணையிடாவிட்டால் அஞ்சிப் பணிந்ததாகும். இந்த இக்கட்டிலிருந்து எழுந்ததே தீர்ப்பின் அமைப்பு.

மார்ஷல் மூன்று வினாக்களை எழுப்பினார். மார்பரிக்குப் பத்திரத்தின் மீது உரிமை உண்டா? உண்டு. உரிமை மீறப்பட்டால் சட்டம் பரிகாரம் தருமா? தரவேண்டும். அப்பரிகாரத்தை இந்த நீதிமன்றம் தரலாமா? இயலாது என்றார். கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தை 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அரசமைப்பின் மூன்றாம் உறுப்போ, தூதர்கள் தொடர்பான வழக்குகளையும் மாநிலங்கள் தரப்பினராகும் வழக்குகளையும் மட்டுமே உச்ச நீதிமன்றம் நேரடியாக ஏற்கலாம் என்கிறது. ஏனையவை மேல்முறையீடாகவே வரவேண்டும். ஆகவே அந்த அளவில் 13ஆம் பிரிவு செல்லாது. சிறியதோர் அதிகாரம் தனக்கு வேண்டாமென்று துறந்ததன் வழியாக, சட்டத்தையே செல்லாததாக்கும் பேரதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மீறுவதற்கு ஆணையே இல்லாததால் ஜெஃபர்சனால் இதனை எதிர்க்கவும் இயலவில்லை.

இத்திறம் வியப்புக்குரியதே. ஆனால் தருக்கத்தில் மூன்று விரிசல்கள் உள்ளன. முதலாவது, அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றம் வழக்கின் தகுதி பற்றிப் பேசக்கூடாது; மார்ஷலோ அக்கேள்வியைக் கடைசியில் வைத்து, அதற்குள் ஆட்சியைக் கண்டித்து முடித்துவிட்டார். இரண்டாவது, 13ஆம் பிரிவை, வேறு வகையில் அதிகாரம் உள்ள வழக்குகளில் மட்டும் அப்பேராணையைப் பயன்படுத்தலாம் என்று படிக்க இடமிருந்தது. அப்படிப் படித்தால் முரண்பாடே எழாது. மூன்றாவது, தன் தவறிலிருந்து பிறந்த வழக்கில் அவரே தீர்ப்பளித்தார். பான்ஹாம் வழக்கில் கோக் எதைக் குறையாகக் கண்டாரோ, அந்தக் குறை நீதிப் புனராய்வின் தொட்டிலிலேயே கிடந்தது.

இவற்றினும் ஆழமானது வேறொன்று. அரசமைப்பு ஏனைய சட்டங்களினும் மேலானது. ஆகவே தன்முன் வந்த வழக்கில் நீதிமன்றம் அரசமைப்பையே பின்பற்ற வேண்டும். இதுவரை மார்ஷலின் வாதம் உறுதியானது. ஆனால் அரசமைப்பு மேலானது என்பதிலிருந்து, அதற்கு நீதிமன்றம் கூறும் பொருளே எல்லாரையும் கட்டுப்படுத்தும் இறுதிச் சொல் என்பது தானே பிறந்துவிடாது. அந்த உரிமைகோரலை 1958இல் 'கூப்பர் எதிர் ஆரன்' தீர்ப்புத்தான் மார்பரியின் மீது ஏற்றிச் சொன்னது. மார்ஷலே அவ்வளவு தூரம் செல்லத் துணிந்தவராகத் தோன்றவில்லை. ஆறு நாட்கள் கழித்து 'ஸ்டூவர்ட் எதிர் லேயர்ட்' வழக்கில் அவர் விலகியிருக்க, காங்கிரஸ் 1802இல் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆயுட்காலப் பதவி வாக்களிக்கப்பட்ட பதினாறு நீதிபதிகள் அப்பதவியை இழந்தது குறித்து அது வாய் திறக்கவில்லை. நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பதவி நீக்க நடவடிக்கை எழுந்தபோது, நீதிபதிகளை நீக்குவதைவிட அவர்தம் தீர்ப்புகளைச் சட்டமன்றம் மாற்றலாமே என்று ஒரு கடிதத்தில் எழுதியவரும் மார்ஷல்தான்.

இந்த அதிகாரம் யாரைக் காத்தது என்பதே நம் இறுதி வினா. மார்பரிக்குப் பின் காங்கிரஸின் சட்டமொன்றை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் செல்லாததாக்கியது 54 ஆண்டுகள் கழித்து, 1857இல். அது டிரெட் ஸ்காட் வழக்கு. கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்றும், அடிமைமுறையைப் புதிய பகுதிகளில் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்றும் அது கூறிற்று. அத்தீர்ப்பைத் திருத்தியது மற்றொரு தீர்ப்பன்று. உள்நாட்டுப் போரும், 1865, 1868 ஆண்டுகளின் அரசமைப்புத் திருத்தங்களுமே.

மறுபக்கமும் உண்டு. 1940இல் யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் பள்ளியில் கொடிவணக்கம் செய்தே ஆகவேண்டும் என்ற அதே நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில் தன் தவறைத் திருத்தி, மனச்சான்றைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. ஆனால் 1944இல் ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டதை அது ஏற்றது. 2018இல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பல நாடுகளின் மக்களுக்கு விதிக்கப்பட்ட நுழைவுத் தடையை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தபோது, அந்த 1944 தீர்ப்பு பெருந்தவறு என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டது. அத்தடையை 2021இல் நீக்கியது அடுத்த அதிபரின் ஆணையே.

எனவே நீதிப் புனராய்வு கேடயமாகவும் அமையலாம், விலங்காகவும் அமையலாம். அது நீதிபதிகளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பயன் அவர்தம் நேர்மையையும், தவறிய தீர்ப்பை எதிர்த்து வாதாடத் தளராத குடிமக்களையும் பொறுத்தது. சிறுபான்மையினர் நீதிமன்றத்தை நாடுவது முறையே. அதை மட்டுமே நம்பியிருப்பது போதாது. மார்பரியின் உரிமையை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் முழுமையாக ஒப்புக்கொண்டது. அந்தப் பதவியோ அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.