பட்லர் கந்தப்பனும் ஆதாரம் கேட்பவர்களும்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் திருக்குறள் அச்சேறிய வரலாறு நடந்துகொண்டிருந்தது. எல்லிஸ் துரைக்குக் குறள் ஏடு போய்ச் சேர்ந்தது அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் வழியாக என்று எழுந்து சொன்னேன். "சமையக்காரன் வீட்ல ஏடு எப்படிய்யா இருக்கும்? ஆதாரம் இருக்கா?" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. எனக்கு வாய் அடைத்துப்போச்சு. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்தியைப் பார்ப்போம். கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். தன்னிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளைத் துரையிடம் கொடுத்தார். துரை அவற்றை எல்லிஸிடம் சேர்த்தார். இதை எழுதியவர் பேரன் அயோத்திதாசர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, பிறகு 'தமிழன்' என்ற பெயரில் 1914இல் தாம் இறக்கும்வரை நடத்திய இதழில் இதை அச்சில் பதித்துவிட்டுப் போனார். அவருடைய எழுத்துகள் 1999இல் தொகுப்பாக வந்த பின்புதான் நம்மில் பலருக்குக் கந்தப்பன் என்ற பெயரே காதில் விழுந்தது.

எல்லிஸுக்கு ஆவணப் பஞ்சமே கிடையாது. 1796இல் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்தது, 1810இல் கலெக்டரானது, 1812இல் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியது, 1818இல் இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் குறளைப் பொறித்தது, 1819இல் இராமநாதபுரத்தில் செத்தது எல்லாம் பதிவில் இருக்கிறது. பட்லர் கதை வேறு. துரை கம்பெனியின் ஆள். பட்லர் துரையின் ஆள். கம்பெனிக் கணக்கில் பட்லருக்கு ஏது பத்தி? காலனிய ஆவணம் யாரை எழுத வேண்டும் என்று முடிவு பண்ணியதோ அவர்களை மட்டும் எழுதியது. எழுதாமல் விட்ட இடத்தைக் காட்டி 'ஆள் இல்லை' என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வல்ல. பழைய தீண்டாமையைப் புதிய மொழியில் தொடர்வதுதான்.

இதே எல்லிஸ் வரலாற்றில் இன்னொரு சமையல்காரர் வருகிறார். எல்லிஸ் செத்த பிறகு அவருடைய கையெழுத்துத் தாள்களை, மதுரைக் கலெக்டராக இருந்த பெட்ரியின் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் எரித்துத் தீர்த்தாராம். எழுதிவைத்தவர் வால்டர் எலியட். அவரும் கண்ணால் பார்த்தவரல்ல, கேள்விப்பட்டதைத்தான் எழுதினார். இந்தக் கதையைத் தமிழறிஞர்கள் பெருமூச்சோடு திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தச் சமையல்காரரின் பெயர் என்ன, ஆதாரம் எங்கே என்று எவரும் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை!

தோழர்களே, ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரெண்டும் வாய்வழியாக வந்து அச்சேறியவை. ஏட்டை எரித்தவன் சமையல்காரன் என்றால் உடனே நம்பிக்கை வருகிறது. ஏட்டைக் கொடுத்தவன் சமையல்காரன் என்றால் சிரிப்பு வருகிறது. இதற்குப் பெயர் சான்று ஆராய்ச்சியா?

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். கந்தப்பன் கொடுக்கவில்லை என்றால் குறளே அழிந்திருக்கும் என்று மேடையில் முழங்குகிறோம். அது மிகை. வீரமாமுனிவர் 1730லேயே அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்திருக்கிறார். ஏடுகள் பலரிடம் இருந்தன. 1812இல் அச்சான மூலபாடத்தின் முகப்பில் இருப்பது தஞ்சை மலையப்பபிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் பெயர். நமக்குக் கந்தப்பன் முக்கியமானவர் குறளைக் காப்பாற்றிய தனி வீரர் என்பதற்காக அல்ல. ஒரு பட்லரிடம் குறள் ஏடு இருந்தது, அதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக. மிகையாகப் பேசினால் இந்த உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஏடு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு வருவோம். சேரியில் வைத்தியம் இருந்தது. சோதிடம் கணிக்கிற வள்ளுவர்கள் இருந்தார்கள். வைத்தியமும் சோதிடமும் ஏட்டில்தான் வாழ்ந்தன. பண்டிதரே சித்த வைத்தியர். காத்தவராயன் என்ற தம் பெயரை விட்டுத் தம் ஆசிரியர் அயோத்திதாசர் பெயரைச் சூடிக்கொண்டவர். படிப்புக்கு அப்படி மரியாதை கொடுத்தவருடைய பாட்டனிடம் ஏடு இருந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

என் வீட்டுக் கதையும் இதேதான். பழைய பிறப்புப் பதிவேட்டில் என் பூட்டனைத் தேடினேன். ஒரே ஒரு வரி கிடைத்தது. பெயர், சாதி, தொழில்: கூலி. ஆயாவிடம் வந்து சொன்னேன். "கூலியா? எட்டூரு சனம் மருந்துக்கு வந்து நிக்கும்டா எங்க தாத்தாகிட்ட. பரண்ல கெடந்த ஏட்டையெல்லாம் செல்லு அரிச்சிட்டுது" என்றது. பதிவேடு பொய் சொல்லவில்லை, அவர் கூலிக்கும் போனார். ஆனால் எழுதிய கைக்கு அது மட்டும் போதுமாக இருந்தது. ஆயா சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் அது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கந்தப்பன் வீட்டுப் பெண்களைப் பற்றி நாமும் கேட்பதில்லை. அந்த ஏட்டைச் செல் அரிக்காமல் காத்தது யார் கை? பேரன் காதுக்குக் கதை வந்து சேர்ந்தது யார் வாய் வழியாக? பாட்டனைத் தேடுகிறவர்கள் பாட்டியையும் தேட வேண்டும்.

ஆகவே ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், பதிவேடுகளைப் புரட்டுங்கள். அதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து, நம்முடைய இதழ்களில் அச்சேற்றுங்கள். பண்டிதர் செய்தது அதைத்தான். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லும்போது அதன் கையில் காட்டுவதற்கு ஒரு பக்கமாவது இருக்கட்டும்.