ஈகோஸ்போர்ட்: வராத மூன்றாம் தலைமுறை

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2003-ல் பிரேசிலில் அறிமுகமானது. அதன் இரண்டாம் தலைமுறை 2013-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரானது.

நான்கு மீட்டருக்குட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. அதற்காக நீளம் 3,999 மில்லிமீட்டரில் நிறுத்தப்பட்டது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி அக்கணக்கில் சேரவில்லை. சலுகை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. பின்னிருக்கையில் மூவர் நெருக்கியடித்தே அமரவேண்டும். பின்கதவோ பக்கவாட்டில் திறப்பது. சிதறால் மலையடிவாரத்தில் பின்புறம் மதிலை ஒட்டி நிறுத்திவிட்டால், பையை எடுக்க வண்டியை முன்னே நகர்த்தவேண்டும். ஆனால் வளைவுச் சாலையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும்.

பிரெஸ்ஸாவும் (2016) நெக்ஸானும் (2017) வந்தபின் ஈகோஸ்போர்ட்டுக்குத் தேவைப்பட்டது புதிய உடல். 2017 நவம்பரில் கிடைத்தது புதிய முகப்பும் தொடுதிரையும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும்தான். இதைப் புதிய தலைமுறை எனக் கொள்வது பிழை. அடுத்த தலைமுறை இங்கே வரவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது.