முப்பது காதம் நடந்த பாதம்

திருக்குறளின் 1120ஆம் குறளை நாம எல்லாரும் ரசிச்சுப் படிச்சிருக்கோம். அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகுமே பெண்ணின் பாதத்தில் நெருஞ்சியாகக் குத்துமாம். மென்மைக்கு இதைவிட நல்ல உவமை உண்டா என்று கேட்பார்கள். எனக்கு வேறு கேள்வி: பூவே குத்துகிற காலை வெச்சுக்கிட்டு அவள் எங்கே போவாள்?

காதலன் மிகைப்படுத்துகிறான், அவ்வளவுதானே? சரிதான். வள்ளுவர் யார் காலையும் கட்டச் சொல்லவில்லை. ஆனால் நடக்க முடியாததை அழகாகப் பார்க்கும் கண் ஒன்று அங்கே இருக்கிறது. சீனாவில் அப்படிப்பட்ட ஒரு கண்தான் துணியைக் கையில் எடுத்தது. ஐந்தாறு வயதுச் சிறுமியின் நான்கு விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி இறுக்கிக் கட்டினார்கள். மூன்று அங்குலப் பாதத்துக்குப் ‘பொற்றாமரை’ என்று பெயர். கொடுமைக்கும் ஒரு கவித்துவப் பெயர்! 1912இல் சீனக் குடியரசு தடை செய்தும் வழக்கம் உடனே ஒழியவில்லை.

1930களில் குவாங்தோங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து கட்டட வேலையில் மண் சுமந்த சம்சுய் பெண்களின் கால்கள் கட்டப்படாதவை. அவற்றுக்குத் தாமரை என்று பெயர் வைக்க யாரும் வரவில்லை.

இதெல்லாம் பழைய கதையா? காலையில் செங்காங் ரயிலில் பாருங்க. சாதாரணச் செருப்போடு ஏறி, இறங்கும் நேரத்தில் பையிலிருந்து ஹை ஹீல்ஸை எடுத்து மாட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் வேலையிடத்து ஹீல்ஸ் கட்டாயத்தை எதிர்த்து 2019இல் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘குடூ’. ஜப்பானிய மொழியில் காலணிக்கும் வலிக்கும் உள்ள சொற்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். அதில் பிறந்த பெயர் அது.

இங்கேதான் இளங்கோவைத் திரும்பப் படிக்கணும். அவரும் கண்ணகியின் சிற்றடியைப் புகழ்ந்தவர்தான். ஆனால் அந்தப் பாதத்தை வீட்டுக்குள்ளேயே விட்டுவைக்கவில்லை. புகாரிலிருந்து ஒரு காதம் தாண்டியதுமே அவள் மூச்சு வாங்க, மதுரை எது என்று கேட்கிறாள். முப்பது காதம்தான், பக்கம்தான் என்று கோவலன் சிரிக்கிறான். மென்பாதம் என்ற புகழ்ச்சியின் விலை அந்த ஒரே கேள்வியில் தெரிந்துவிடுகிறது. பிறகு பாண்டியன் அவைக்கும், வைகைக் கரையோடு சேர நாட்டுக்கும் நடந்தது அதே பாதம்தான்.

1120ஐ யாருக்காவது சொல்லித் தந்தால், கூடவே நாடுகாண் காதையையும் சொல்லிக் கொடுங்க. பாதம் பார்ப்பதற்கு மட்டுமில்லை, போவதற்கும்தான்.