சங்காரம்: அரசனின் ஆட்டம், தொழிலாளியின் கால்

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் ஆட்டக்காரரின் தரம் வரவு ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். கிரீடமும் கரப்புடுப்புமாக ஆடுகளமான களரிக்குள் வரும் அரசன், மத்தளத்தின் தாளக்கட்டைக் காலில் வாங்கி, வேகமேற்றிச் சுழல வேண்டும். கால் பிசகினால் சதங்கையே காட்டிக்கொடுத்துவிடும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கண்ணை மூடிக்கொண்டே பிழை பிடிப்பார்.

அமிர்தகழியில் பிறந்த சி. மௌனகுரு இந்த ஆட்டத்தில் ஊறியவர். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடியவர் அவர். 'இராவணேசன்' அவரே எழுதியது. விடியவிடிய நடந்த கூத்து அங்கே சுருங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் இட அமைப்பில் வந்தது. வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் முகம் பார்ப்பார். படச்சட்ட மேடையில் அந்த வசதி இல்லை. சுழற்சியில் பாதி, முதுகாகப் போய்விடும். அதனால் கூட்ட அசைவும் ஒளியும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

ஆனாலும் எனக்குப் பெரிய கலகமாகப் படுவது 1969இல் வந்த மௌனகுருவின் 'சங்காரம்'தான். பாரதமும் இல்லை, இராமாயணமும் இல்லை. சாதி, இனம், மதம், வர்க்கம் எல்லாம் அரக்கர்களாகி ஆடுகின்றன. கட்டுண்டு கிடப்பது சமுதாயம். மீட்க வருவது உழைப்பாளிகள். அரசர்க்கென்றே வைத்திருந்த ஆட்டம் தொழிலாளியின் காலுக்கு வந்துவிட்டது. உடுப்பையும் கதையையும் மாற்றுவது எளிது. அந்த அடவுகளின் மிடுக்கை இன்னாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் துணிச்சல்.

குறையும் உண்டு. கர்ணன் வந்தால் அவன் முழுக் கதையும் சனத்துக்குத் தெரியும். வர்க்க அரக்கனுக்கு அப்படி முன்கதை ஏது? ஆட்டக்காரரின் உடலே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கால் தளர்ந்த இடத்தில் அது வெறும் கோஷமாகிவிடும்.

பின்னாளில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் வேறு திசையில் போனார். மட்டக்களப்பு நகரையொட்டிய சீலாமுனையில் அவர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை மேடைக்குத் தூக்கிவரவில்லை. களரி ஊரிலேயே இருந்தது. ஆட்டக்காரருக்கு அவரவர் பாகத்தை வழங்கும் 'சட்டம் கொடுப்பது' முதல் அரங்கேற்றம் வரை ஊராரே கூடிப் பேசி, பெண்ணையும் சாதியையும் இழிவாகச் சொல்லும் இடங்களைத் திருத்தினார்கள். துணிச்சலுக்கு என் வாக்கு சங்காரத்துக்குத்தான். ஆனால் அண்ணாவியாரையும் சனத்தையும் ஒரே விவாதத்தில் உட்காரவைத்தது சீலாமுனை. பேராதனை மேடைக்கு அது வாய்க்கவில்லை.